கொரியாவில் புது ஆங்கில ஆசிரியர்: அட்டை, அறை, வகுப்பு, அப்புறம் கொரிய மொழி

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் கடவுச்சீட்டை. ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டுக் குடிமக்களுக்கென்றே வைத்திருப்பது. எனவே டொரொண்டோ, லண்டன், சிட்னி, டர்பன் தமிழருக்கு நேர்வழி. இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு 2010 ஜனவரி முதல் நடப்பில் உள்ள இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம் ஒரு குறுகிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: ஆங்கிலம் சார்ந்த பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் இருந்தால் பள்ளியில் துணை ஆசிரியராகலாம். டியூஷன் மையங்களுக்கு அந்த வாசல் கிடையாது. "எந்த நாட்டவரானாலும் சரி, சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் முகவரை அத்தோடு விட்டுவிடுங்கள். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது ஆசிரியர்தான்.

வேலை இரு வகை. ஒன்று அரசுப் பள்ளி. 1995-இல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டம் ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும், ஆட்களை இறக்குகிறது. வாரம் 40 மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் 22 பாடவேளை. மற்றொன்று ஹாக்வொன் எனப்படும் தனியார் டியூஷன் மையம். பள்ளி விட்ட பிறகுதான் அங்கே கூட்டம் சேரும் என்பதால் பிற்பகல் தொடங்கி இரவு வரை வேலை. தலைநகர் சோலில் இரவு 10 மணிக்கு மூடியாக வேண்டும் என்று விதி உண்டு. மழலையர் ஹாக்வொன் என்றால் காலை 9-க்கே தொடங்கிவிடும். விடுமுறை நாள் அரசுப் பள்ளியில் கூடுதல். ஹாக்வொனுக்கோ ஆண்டு முழுக்க ஆள் தேவை, ஊரையும் நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

எபிக்குக்கு விண்ணப்பிக்கும் புலம்பெயர்ந்த குடும்பத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியுரிமை மட்டும் போதாது. ஏழாம் வகுப்பு முதல் ஆங்கிலம் வழங்கும் நாட்டில், ஆங்கில வழியில் படித்ததற்கும் அங்கே மொத்தம் 10 ஆண்டு வாழ்ந்ததற்கும் சான்று கேட்பார்கள். பதினைந்து வயதில் கனடா போய்ச் சேர்ந்தவருக்கு இந்த இடத்தில்தான் விண்ணப்பம் நிற்கும். அவருக்கு ஹாக்வொன் வழி எளிது.

கிளம்பும் முன்

பட்டச் சான்று நகல், தேசிய அளவிலான குற்றப் பின்னணிச் சான்று, இரண்டுக்கும் அப்போஸ்டில் எனப்படும், வெளிநாட்டில் செல்லும்படி அரசு போடும் முத்திரை. இந்த மூன்றில் காலத்தைத் தின்பது குற்றப் பின்னணிச் சான்று. மாநில, நகர காவல்துறைச் சான்று செல்லாது. கனடாவில் கைரேகை வைத்து எடுக்கும் ஆர்.சி.எம்.பி. சான்று, அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. சான்று என்று தேசிய அமைப்பு தந்ததாக இருக்க வேண்டும். எடுத்து 6 மாதம் தாண்டியிருக்கவும் கூடாது. அதனால் ஆறேழு மாதம் முன்பே எடுத்து வைப்பதும் தவறு, கடைசி நேரத்தில் ஓடுவதும் தவறு. வகுப்பு தொடங்குவதற்கு நாலைந்து மாதம் முன்பு கைரேகை கொடுத்தால் கணக்குச் சரியாக வரும். கனடா 2024 ஜனவரி 11 முதல்தான் அப்போஸ்டில் நாடு. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகள் தூதரகச் சான்றொப்பம் வாங்கச் சொல்லும். அது பழைய கதை.

அடுத்தது பெயர். தமிழருக்கென்றே வாய்த்த தலைவலி இது. தந்தை பெயரை முன்னால் போட்டவர், குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர், இனிஷியலைப் பட்டத்தில் விரித்தும் கடவுச்சீட்டில் சுருக்கியும் எழுதியவர் எல்லோருக்கும் கொரியாவில் அலைச்சல் இருக்கிறது. கொரியப் பெயர் பொதுவாக மூன்று அசை: கிம், பார்க் போல ஒன்று குடும்பப் பெயர், மற்ற இரண்டும் இடு பெயர். படிவங்களும் மென்பொருள்களும் அதை மனதில் வைத்துச் செய்தவை. பட்டச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் பெயர் வேறுபட்டால் இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழி ஆவணம் ஒன்றை ஊரிலேயே எடுத்து, அதற்கும் அப்போஸ்டில் போட்டுக்கொள்ளுங்கள். கொரியாவில் இருந்துகொண்டு அதை வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும்.

மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் வலி மாத்திரையும் கொரியச் சட்டத்தில் போதைப்பொருள் வகை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. கவனக்குறைவு நோய்க்குத் தரும் ஆடரால் அறவே தடை. சமையல் பொட்டலத்தில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். போய் இறங்கியதும் ஆசிரியருக்கான உடல் பரிசோதனை உண்டு. நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். சிறுநீரில் தேடுவது போதைப்பொருள். கசகசா அரைத்த குருமா சாப்பிட்டால் அபின் வகைக்கான சோதனை தவறாகத் தூண்டப்படலாம். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்து குருமாவுக்கு முந்திரி போதும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சிப் பண்டம் எதையும் சொல்லாமல் கொண்டுபோகாதீர்கள். உலர்ந்த மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, பெருங்காயம் கொண்டுபோகலாம்.

கையில் 10 முதல் 15 லட்சம் வொன் வரை இருக்கட்டும். முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை வங்கிக் கணக்கும் இருக்காது. மின்சாரம் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் மிக்ஸி ஓடும், ஆனால் மூன்று முள் பிளக் நுழையாது. உருண்டை இரு முள் மாற்றி வேண்டும்.

அட்டை வரும்வரை நீங்கள் யாருமில்லை

முதல் மாதத்தில் நடக்கும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் ஒன்றே: ஏ.ஆர்.சி. என்று எல்லோரும் சொல்லும் வெளிநாட்டவர் பதிவு அட்டை. அதில் உள்ள 13 இலக்க எண்தான் உங்கள் கொரிய அடையாளம். முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அந்த எண் இல்லாமல் மாதக்கட்டணத் தொலைபேசி இல்லை. தொலைபேசி இல்லாமல் இணையத்தில் எதுவும் வாங்க, பதிவு செய்ய முடியாது. ஆகவே வரிசை மாறக் கூடாது: பரிசோதனை, குடிவரவு அலுவலகம், அட்டை, தொலைபேசி, வங்கி. வங்கியையும் தொலைபேசியையும் இடம் மாற்றலாம், மற்றவற்றை மாற்ற முடியாது.

நாட்டுக்குள் வந்த 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் 90 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்தால் கெட்டோம். மார்ச், செப்டம்பரில் மாணவரும் ஆசிரியரும் ஒரே நேரத்தில் மொய்ப்பதால் குடிவரவுத் துறையின் ஹைகொரியா தளத்தில் முன்பதிவு நேரம் பல வாரம் தள்ளித்தான் கிடைக்கும். இறங்கிய வாரமே பதிவு செய்யுங்கள். தளம் படுத்தினால் 1345-ஐ அழையுங்கள். குடிவரவுத் துறையின் உதவி எண் அது, ஆங்கிலத்திலும் பேசுவார்கள். கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டு, 3.5 x 4.5 சென்டிமீட்டர் படம், வேலை ஒப்பந்தம், பள்ளி அல்லது ஹாக்வொனின் பதிவுச் சான்று நகல், தங்குமிடச் சான்று, மருத்துவமனை தந்த அறிக்கை. மருத்துவமனை உறையை ஒட்டித் தந்தால் பிரிக்காதீர்கள். பிரித்தால் செல்லாது. எந்த மருத்துவமனையிலும் எடுத்துவிட முடியாது, அரசு குறித்த பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். கைரேகை வைத்த பிறகு அட்டை வர மூன்று வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும்.

அட்டை வந்ததும் அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்து, வரிசை, இடைவெளி எல்லாம். தொலைபேசிக் கடையிலும் வங்கியிலும் அதே போல, ஒரு இடைவெளிகூட மாறாமல் பதியச் சொல்லுங்கள். காரணம், கொரிய இணையத்தில் எங்கு போனாலும் "பொன்இன் இன்ஜுங்" என்றொரு அடையாளச் சரிபார்ப்பு வரும். பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் மூன்றையும் தொலைபேசி நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிடும். கடைக்காரர் "பாலசுப்ரமணியம்" நீளத்துக்கு அஞ்சி நடுவில் வெட்டியிருந்தால், நீங்கள் சரியாகத் தட்டினாலும் தவறு என்றே வரும். அப்போது திரும்பத் திரும்ப முயல்வதில் பயனில்லை. அட்டையோடு கடைக்குப் போய்ப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்.

வங்கியில் முதலில் தருவது வரம்புக் கணக்கு. 2024 மே மாதம் முதல் அதில் நாளொன்றுக்கு இணையத்திலும் ஏ.டி.எம்.மிலும் 10 லட்சம் வொன், கிளையில் 30 லட்சம் வொன் என்பது எல்லை. சம்பளம் இரண்டு மூன்று மாதம் விழுந்த பிறகு ஒப்பந்தத்தோடு போய் எல்லையை நீக்கச் சொல்லலாம். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

வீடு மாறினால் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலும் அப்படியே. தவறினால் அபராதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தனி டியூஷன் எடுப்பது இ-2-வில் குற்றம். சின்னத் தொகை என்று யாரும் விடுவதில்லை.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது மூன்றே. ஒன்று, காலம் முழு 12 மாதமா? ஓராண்டு நிறைந்தால்தான் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமமான தோய்ஜிக்கும் என்ற பணிக்கொடை. 11 மாத ஒப்பந்தம் எதற்கென்று இப்போது புரியும். இரண்டு, தேசிய மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் பாதி முதலாளி, பாதி நீங்கள் என்று இருக்கிறதா? "தனிக் காப்பீடு எடுத்துத் தருகிறோம்" என்றால் ஏமாற்று. அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலியக் குடிமக்கள் நாடு திரும்பும்போது ஓய்வூதியத்தில் கட்டியதை முதலாளியின் பங்கோடு மொத்தமாகத் திரும்பப் பெறலாம். பிரிட்டன்காரருக்கு அது இல்லை. மூன்று, பாடவேளையா வேலை நேரமா என்பது தெளிவாக எழுதியிருக்கிறதா? தகராறு வந்தால் தொழிலாளர் துறையின் எண் 1350.

ஒற்றை அறை

பள்ளியே தரும் வீடு பெரும்பாலும் வொன்ரூம்: ஒரே அறை, மூலையில் அடுப்பு, பக்கத்தில் துணி துவைக்கும் எந்திரம். கதவுக்குச் சாவி கிடையாது, எண் பூட்டு. அதன் பேட்டரி தீரும் முன் வழக்கத்துக்கு மாறான இசை வரும். கவனிக்காமல் விட்டு வெளியே மாட்டிக்கொண்டால் பூட்டுக்காரரை அழைக்க வேண்டாம். பக்கத்துக் கடையில் 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று வாங்கி, பூட்டின் வெளிப்புறத்தில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் அழுத்திப் பிடித்தபடி எண்ணைத் தட்டினால் திறக்கும்.

தரையைச் சூடாக்கும் ஓன்தோல் ஏற்பாட்டுக்குச் சுவரில் ஒரு சிறு பலகை இருக்கும். "ஓன்சு" என்பது வெந்நீர் மட்டும். "வேச்சுல்" என்பது வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு. பள்ளிக்குப் போகும்போது வேச்சுலில் வைத்துவிட்டு, மாலை வந்து முழு வேகத்தில் ஏற்றினால் எரிவாயு மிச்சமாகும் என்று நினைப்பது புதியவரின் பொதுத் தவறு. குளிர்ந்து போன தரையைத் திரும்பச் சூடாக்கவே அதிகம் செலவாகும். கடுங்குளிரில் நாலைந்து டிகிரி குறைத்து ஓட விடுவதே மேல். வெளியே சுழிக்குக் கீழ் 10 டிகிரிக்கும் கீழே இறங்கினால் வெந்நீர்ப் பக்கம் குழாயை நூல் போல ஒழுக விட்டுத் தூங்குங்கள், இல்லாவிட்டால் குழாய் உறையும். (அந்தத் தரை தோசை மாவுக்குப் பொருத்தம். பாத்திரத்தைத் துண்டில் சுற்றி வைத்தால் ஜனவரியிலும் பொங்கும்.) எரிவாயுக் குழாயின் பிடி குழாய்க்கு இணையாக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது.

குப்பையில்தான் அக்கம்பக்கத்தார் உங்களை எடைபோடுவார்கள். பொதுக் குப்பைக்கு ஜொங்நியாங்ஜே போங்து என்ற கட்டணப் பை. 1995 முதல் நாடெங்கும் இதுதான் முறை. பையின் விலையிலேயே குப்பைக் கட்டணம் அடங்கியிருக்கிறது. சோலில் 20 லிட்டர் பை 490 வொன் அளவில். அந்தந்த மாவட்டப் பை அந்தந்த மாவட்டத்தில்தான் செல்லும், ஆகவே மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். உணவுக் கழிவு தனி, மறுசுழற்சி தனி. உணவுக் கழிவு பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் போகிறது. எனவே மாடு தின்னுமா என்று கேட்டுக்கொண்டால் விடை வந்துவிடும். எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத் தோல், பூண்டுத் தோல், மாங்கொட்டை, புளியங்கொட்டை, தேங்காய் ஓடு, தேயிலைப் பை எல்லாம் பொதுக் குப்பை. சோறு, காய்கறித் துண்டு உணவுக் கழிவு. ஊறுகாய் போன்ற உப்புச் சரக்கை அலசிவிட்டுப் போடுங்கள்.

செல்பேசியில் செய்திக்குக் காகாவ்டாக், வழிக்கு நேவர் வரைபடம், மொழிபெயர்ப்புக்குப் பாபகோ மூன்றும் முதல் நாளே வேண்டும். கூகுள் வரைபடம் கொரியாவில் நடை வழி காட்டுவதில் தடுமாறும். டீமணி என்ற பயண அட்டையைப் பேருந்தில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் தொடுங்கள். தொட்டால்தான் 30 நிமிடத்துக்குள் மாறும் அடுத்த வண்டிக்குச் சலுகை.

பள்ளிக்குள்ளே

கொரியாவில் மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் பாடமாகத் தொடங்குகிறது. தொடக்கப் பள்ளியில் பாடவேளை 40 நிமிடம், நடுநிலையில் 45, மேல்நிலையில் 50. கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். உங்களோடு ஒரு கொரிய ஆசிரியர் வகுப்பில் இருப்பார், எல்லோரும் கோ-டீச்சர் என்கிறார்கள். உங்கள் வங்கி, வீடு, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் துணையாக அவரையே பள்ளி போட்டிருக்கும், பெரும்பாலும் அதற்கென்று தனி ஊதியம் இல்லாமல். ஆகவே கேள்விகளை நாள் முழுக்க ஒவ்வொன்றாக வீசாமல், சேர்த்து வைத்து ஒரே தடவையில் கேளுங்கள்.

உள்ளே போட ஒரு ஜோடி செருப்பு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தாய்சோ கடைகளில் 5,000 வொன்னுக்கு மேல் எதுவும் இல்லை. அட்டவணை மாற்றம் எல்லாம் பள்ளியின் கணினித் தூதுச் செயலியில் கொரிய மொழியில் ஓடும். ஒவ்வொன்றையும் பாபகோவில் ஒட்டிப் பாருங்கள். "இன்று மூன்றாம் பாடவேளை இல்லை" என்பது அதில்தான் இருக்கும், யாரும் நேரில் வந்து சொல்ல மாட்டார்கள்.

மதிய உணவு பள்ளியிலேயே. மாதப் பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் எண்கள் இருக்கும். அவை ஒவ்வாமை எண்கள், நாடு முழுவதும் ஒன்றே: 1 முட்டை, 2 பால், 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு, 17 கணவாய், 18 சிப்பி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர் 16-ஐ மட்டும் தேடினால் போதும். மரக்கறி உணவுக்காரருக்கு ஒரு பொறி உண்டு: மீன்களில் 7 என்ற கானாங்கெளுத்தி மட்டுமே பட்டியலில் இருக்கிறது. நெத்திலிக்கு எண்ணே இல்லை. கொரியக் குழம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நெத்திலிச் சாறுதான் அடித்தளம், கிம்ச்சியிலும் மீன் அல்லது இறால் ஊறல் உண்டு. எண் இல்லாததால் மரக்கறி என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே சாப்பிடும்போது "கோகி பெ ஜுசேயோ", இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாமும் மீனும் வரும். "கோகிஹகோ ஹேமுல் பெ ஜுசேயோ" என்று கடலுணவையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோயில் உணவு எனப்படும் சாசால் உம்சிக் கிடைக்கும் இடத்தில் கவலை இல்லை, அதில் பூண்டு வெங்காயம்கூட இராது.

வகுப்பில் தமிழருக்கு ஒரு வசதி. கொரியப் பிள்ளைகள் செய்யும் பிழையில் பாதி நம் வீட்டுப் பிழை. "பஸ்" என்பதை "பொசு" என்று இழுப்பார்கள், நாம் "பஸ்ஸு" என்கிறோம் அல்லவா. எஃப் ஒலி இல்லாததால் காஃபி அவர்களுக்குக் "கொபி", நமக்குக் "காப்பி". இசட் ஒலி இரு மொழியிலும் "ஜ". மெய்யெழுத்தில் நிற்கச் சொல்லிக் கொடுக்க, கடைசி ஒலியில் கையைச் சட்டென்று மூடிக் காட்டுவது உதவும்.

கொரிய மொழி: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

உங்களை வேலைக்கு எடுத்ததே ஆங்கிலம் பேசத்தான். பள்ளியில் எல்லோரும் உங்களிடம் ஆங்கிலத்தைப் பயிற்சி செய்வார்கள். கொரியாவில் மூன்றாண்டு இருந்தும் சோறு வாங்கத் தெரியாத ஆசிரியர்கள் உருவாவது இப்படித்தான். நாட்டில் இருந்தால் மொழி தானாக வரும் என்பது இந்த வேலைக்குப் பொருந்தாது.

அடுத்த தவறு, ஆங்கிலப் பாடநூல் வழியே மட்டும் படிப்பது. ஆங்கிலக்காரருக்குத் தலைகீழாகத் தெரியும் கொரிய வாக்கியம் தமிழருக்கு நேர். "நானுன் ஹாக்கியோஎ காயோ": நான், பள்ளிக்கு, போகிறேன். வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். "உல், லுல்" என்றால் நம் "ஐ". "ஹாந்தே" என்றால் "க்கு", "தொ" என்றால் "உம்", "புதொ" முதல், "காஜி" வரை. எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும் நம்மைப் போலவே.

துணைவினைக்கு வாருங்கள், அங்கேதான் வியப்பு. "மொகொ போசேயோ": சாப்பிட்டுப் பாருங்கள். பார் என்ற வினையையே முயன்று பார்க்கும் பொருளில் அவர்களும் ஒட்டுகிறார்கள். "மொக்கோ இஸ்ஸொயோ": சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். "இஜொ போர்யொஸ்ஸொயோ": மறந்துவிட்டேன். "நேகா மொகுன் பாப்": நான் சாப்பிட்ட சோறு, அதே பெயரெச்சம். ஆங்கில நூல் இரண்டு பக்கம் விளக்குகிற இந்த வடிவங்களுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி வைத்தால் முடிந்தது. ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் கொரியம், வலப்பக்கம் தமிழ். ஆங்கிலம் வேண்டாம். அம்மாவுக்கு "ஒம்மா", அப்பாவுக்கு "ஆப்பா" என்பதைக் கேட்டு இரண்டும் ஒரே குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மொழியியலாளர் அதை ஏற்பதில்லை. ஆனாலும் படிப்பவருக்கு இந்த ஒப்புமை கைக்கோல்.

எழுத்து. சேஜோங் மன்னர் 1443-இல் அமைத்து 1446-இல் வெளியிட்ட ஹங்குல் ஒரு வாரத்தில் வசப்படும். ஒலி அப்படி அல்ல. ஒரே படுக்கைக் கோடாக எழுதும் உயிர் ஒன்று உண்டு. ஆங்கிலப் புத்தகங்கள் அதற்கு "இயு" என்று எழுதித் திணறும். அது நம் குற்றியலுகரம்: "காது", "பேச்சு" என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் உகரம். "குடை"யில் வரும் முழு உகரம் வேறு எழுத்து. செங்குத்துக் கோட்டின் இடப்பக்கம் சிறு கோடு போட்ட உயிர்தான் சிரமம். உதட்டைக் குவிக்காமல் "ஒ" சொல்லிப் பாருங்கள், அருகில் வரும். கண்ணாடி பார்த்துப் பழகவும்.

ப, த, க எழுத்துகள் இடத்துக்கேற்ப ஒலி மாறுவதும் நமக்குப் பழக்கம்தான். "பம்பரம்" என்பதில் முதல் "ப" ஒன்று, நடு "ப" வேறொன்று. கணவன் மனைவி என்று பொருள்படும் "புபு"வும் அப்படியே. "அக்கா" என்பதில் அழுந்தும் "க்க" அவர்களது இரட்டை எழுத்துக்கு மிக நெருக்கம். "ஆக்கா" என்றால் சற்று முன்பு. நம்மிடம் இல்லாதது மூச்சு விட்டுச் சொல்லும் வரிசை. வாய்முன் ஒரு தாளைப் பிடித்துச் சொல்லுங்கள், தாள் துடிக்க வேண்டும். சொல்லின் முதலில் இது இன்றைய சோல் பேச்சில் குரல் ஏற்றத்தாலும் பிரிகிறது: மூச்சொலி உயர்ந்த குரலில், சாதாரண ஒலி தாழ்ந்த குரலில். இந்த வேறுபாட்டைத்தான் தமிழர் கடைசி வரை கோட்டை விடுகிறார்கள்.

புணர்ச்சியும் உண்டு. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவது போல "ஹாக்" என்பதும் "நியொன்" என்பதும் சேர்ந்தால் "ஹாங்நியொன்". எழுத்தில் "க்" இருக்கும், வாயில் "ங்" வரும். மூன்றாம் வகுப்பு இரண்டாம் பிரிவு என்பது "சாம் ஹாங்நியொன் இ பான்". முதல் வாரத்திலேயே உங்களுக்கு இது தேவைப்படும்.

தமிழர் சறுக்கும் இடங்களும் உண்டு. "நீங்கள்" என்பதற்கு அகராதி "தாங்சின்" என்று காட்டும். அதை யாரிடமும் சொல்லாதீர்கள், அது கணவன் மனைவிக்கும் தெருச் சண்டைக்கும். நாம் "சார் சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுபோலப் பதவிப் பெயரையே முன்னிலைக்கு வைக்க வேண்டும். ஆசிரியர் எவரும் "சொன்செங்நிம்", தலைமையாசிரியர் "கியோஜாங் சொன்செங்நிம்". "பாப் மொகொஸ்ஸொயோ", சாப்பிட்டீர்களா, என்பதே அங்கும் நலம் விசாரிப்பு. விருந்துக்கு அழைக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். வினையில் வரும் "சே" மரியாதை அடுத்தவருக்கு மட்டும். "ஒதி காசேயோ", எங்கே போகிறீர்கள் என்றால் "ஜிபே காயோ" என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் காதில் விழும் "காசேயோ"வைத் தன்னைக் குறித்தே சொல்லித் தன்னையே வணங்கிக்கொள்வது புதியவர் வழக்கம்.

எண்ணில் இரு வரிசை. மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன வழி எண்: மூன்றரை மணி "சே சி சாம்சிப் புன்". பணம், மாடி, பாடவேளை எல்லாம் சீன வழி. பணத்தைப் பத்தாயிரம், அதாவது "மான்", கணக்கில் சொல்வார்கள். பத்து மான் ஒரு லட்சம். 230 மான் என்று காதில் விழுந்தால் ஒரு சுழியை எடுத்து 23 லட்சம் என்று கொள்ளுங்கள். ஆங்கில மில்லியன் வழியாகச் சுற்றுவதைவிட விரைவு.

சொற்களைக் கொத்தாகப் படியுங்கள். "ஹாக்" என்றால் கல்வி: ஹாக்கியோ பள்ளி, ஹாக்செங் மாணவர், தேஹாக் பல்கலை, பாங்ஹாக் விடுமுறை. சீன வேர்ச்சொல் ஐம்பது தெரிந்தால் அறிவிப்புப் பலகை பேசத் தொடங்கும்.

சென்னையில் இருப்பவர்கள் கிளம்பும் முன்பே இன்கோ மையத்தில் கொரியம் படிக்கலாம். கொரியாவில் அட்டை வந்த பிறகு நீதி அமைச்சகத்தின் சமூக ஒருங்கிணைப்புத் திட்டத்தில் சேருங்கள். சோசினெட் என்ற தளத்தில் பதிவு. நுழைவுத் தேர்வு வைத்து நிலை சொல்வார்கள். தொடக்க நிலை 15 மணி நேரம், 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் 100 மணி நேரம். மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு உண்டு, இணைய வழியிலும் உண்டு. 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது, எனவே ஹாக்வொன்காரர் வார இறுதி வகுப்பையே எடுக்க வேண்டும். பின்னாளில் புள்ளி முறையில் வாழ்விட விசா கேட்கும்போது இந்தத் திட்டம் கைகொடுக்கும். தன்னைச் சோதித்துக்கொள்ள மட்டும் என்றால் டோபிக் எனப்படும் கொரிய மொழித் தேர்வில் டோபிக் 1 போதும். கேட்டலும் வாசிப்பும்தான், எழுத்துத் தாள் இல்லை. 200-க்கு 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை.

அரசுப் பள்ளிக்காரருக்கு ஜனவரியில் பல நாள் மாணவரே இல்லாத பள்ளியில் மேசையில் உட்கார்ந்திருக்க நேரும். அந்த எட்டு மணி நேரத்தில் இரண்டை டோபிக்குக்கு ஒதுக்கி, பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, கொரிய மொழியில் மட்டும், கேட்டு வாருங்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் "ஹாங்குங்மால்லோ ஹே ஜுசேயோ", கொரியத்திலேயே சொல்லித் தாருங்கள் என்று கேட்கலாம்.